காவல்துறை ஆப்: டவுன்லோடு வேறு, ஏற்பு வேறு

காவல் உதவி மாதிரி, அவசரத்துக்குப் போலீஸைக் கூப்பிடுகிற காவல்துறை ஆப் என்று பேச்செடுத்தாலே இரண்டு வசனங்கள்தான் காதில் விழும். ஒன்று, "லட்சக்கணக்கான பேர் டவுன்லோடு பண்ணியிருக்காங்க, மக்கள்கிட்ட அமோக வரவேற்பு." இன்னொன்று, "மலைக்காட்டுல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும், படிப்பு பத்தல, அதான் யூஸ் பண்ண மாட்டேங்கறாங்க." முதலாவது மேடையில் சொல்வது, இரண்டாவது டீக்கடையில் சொல்வது. கொடைக்கானல் மலையில் இருந்துகொண்டு பார்த்தால் இரண்டுமே தப்பு, அதுவும் ஒரே காரணத்தால் தப்பு. ஒரு ஆப் போனில் கிடப்பதையும், அந்த ஆப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டிருப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஏற்பு என்பது தனி விஷயம். அதற்கு உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது, அந்தக் கணக்கைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

புது பஸ் விட்டால்

மேல்மலையில் ஓர் ஊருக்குப் புதிதாக பஸ் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (வெளியூர்க்காரர்களுக்கு: கொடைக்கானல் டவுனைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று போவது மேல்மலை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் கீழ்மலை.) முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்து, ஊரே ஏறி டவுன் வரை போய்விட்டு வரும். அது வேடிக்கை. அடுத்த வாரம் பாருங்கள், பூண்டு மூட்டையோடு ரோட்டோரம் நிற்பவர் பஸ்ஸை விட்டுவிட்டு ஜீப்புக்குக் காத்திருப்பார்.

ஏன் என்று கேட்டால் காரணம் கோர்வையாக வராது, ஆனால் எல்லாம் அதற்குள் இருக்கும். இந்த பஸ்ஸில் போனால் வடுகபட்டி மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது. மூட்டையை ஏற்றினால் கண்டக்டர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அக்கம்பக்கத்தில் யாரும் ஏறவில்லை. ரோட்டில் மண் சரிந்தால் இந்தப் பெரிய வண்டி வராது. இதெல்லாம் போக, காலையில் டவுனில் இறக்கிவிட்ட பஸ் சாயங்காலம் திரும்பக் கூட்டிப் போக வருமா என்பது யாருக்குத் தெரியும்? ஜீப் டிரைவர் என்றால் தெரிந்த பையன், வரவில்லை என்றால் போன் போட்டுத் திட்டலாம்.

இவர் பஸ்ஸுக்கு எதிரி இல்லை, பஸ் என்றால் என்னவென்று தெரியாதவரும் இல்லை. ஐந்து விஷயங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து "இப்போதைக்கு ஜீப்பே போதும்" என்று முடிவெடுத்திருக்கிறார். பயன், சுலபம், சுற்றியிருப்பவர்கள், வசதி, நம்பிக்கை. காவல்துறை ஆப்புக்கும் இதே ஐந்துதான்.

ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னது

அலுவலகங்களில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய காலத்தில் ஒரு புதிர் இருந்தது. நிறையச் செலவு செய்து மென்பொருள் வாங்கி வைக்கிறார்கள், ஊழியர்கள் அதைத் தொடாமல் பழைய நோட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு 1989இல் ஒரு விளக்கம் கொடுத்தார். அதன் பெயர் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஒரு கருவியை ஒருவர் எடுத்துப் பயன்படுத்துவது இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்பதுதான் அதன் சாரம்: இதனால் எனக்குப் பயன் உண்டு என்ற எண்ணம், இது எனக்குச் சிரமம் தராது என்ற எண்ணம். கருவி உண்மையிலேயே நல்லதா என்பது இங்கே கேள்வி இல்லை. பயன்படுத்தப்போகிறவருக்கு அப்படிப் படுகிறதா என்பதுதான் கேள்வி. சென்னையில் ஓர் அதிகாரிக்குப் பிரமாதமாகப் படுகிற ஆப் கிளாவரையில் ஒரு பெண்ணுக்கு அப்படிப் படாமல் போகலாம். இருவரில் யாரும் முட்டாள் இல்லை.

2003இல் விஸ்வநாத் வெங்கடேஷ், டேவிஸ் உள்ளிட்ட நான்கு பேர் அதுவரை வந்திருந்த எட்டு விளக்கங்களையும் பிசைந்து ஒன்றாக்கினார்கள். அதில் இன்னும் இரண்டு சேர்ந்தன. ஒன்று சமூகத் தாக்கம், அதாவது நமக்கு முக்கியமானவர்கள் இதைப் பயன்படுத்தச் சொல்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா என்பது. இன்னொன்று உதவும் சூழல்: போன், சிக்னல், கரண்ட், சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள். அரசு இணையச் சேவைகளை ஆராய்ந்தவர்கள் பிறகு நம்பிக்கையையும் சேர்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் ஆப்பும் அரசாங்க ஆப்பும் ஒன்றில்லை. கடை பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம், ஸ்டேஷனை மாற்ற முடியாது.

சுருக்கமாக: டவுன்லோடு என்பது போனில் நடப்பது, ஏற்பு மனதில் நடப்பது. அது ஐந்து விஷயங்களின் கூட்டல் கழித்தல்.

கட்டாயம் என்றால் அது ஏற்பா?

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம், மலையில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கையிலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அன்றிலிருந்து எடுக்கப்பட்ட பாஸ்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு "மக்கள் இ-பாஸை எவ்வளவு ஆர்வமாக ஏற்றுக்கொண்டார்கள் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் வெள்ளி அருவி செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டி, சிக்னல் தேடி, மச்சானுக்குப் போன் போட்டு பாஸ் எடுக்கச் சொல்கிற டிரைவரே சிரித்துவிடுவார். கட்டாயம் இருக்கிற இடத்தில் எண்ணிக்கையை வைத்து ஏற்பை அளக்க முடியாது. விருப்பத்தின் பேரில் பயன்படுத்துவதா கட்டாயத்தின் பேரிலா என்பதை ஆராய்ச்சியிலும் தனியாகத்தான் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்த்தால் பதற்றமும் பாதிக் கட்டாயம் மாதிரிதான். தமிழ்நாட்டில் 2018இல் காவலன் எஸ்.ஓ.எஸ் என்ற ஆப் வந்தது. கொஞ்ச காலம் அது பாட்டுக்கு இருந்தது. 2019 நவம்பரில் ஹைதராபாத்தில் ஒரு பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு கல்லூரி கல்லூரியாகப் போய் விளக்கினார்கள், சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் இறக்கிக்கொண்டார்கள். அந்தப் பயம் நியாயமானது, இறக்கியதும் சரி. ஆனால் பயத்தில் இறக்கிய ஆப், போனில் இடம் பத்தாமல் போகும் அன்று முதலில் டெலீட் ஆகிறவற்றில் ஒன்று. 2022இல் அவசர உதவியோடு வேறு பல சேவைகளையும் சேர்த்து காவல் உதவி என்ற ஆப் வந்தது. அந்த 2019 கூட்டத்தில் எத்தனை பேர் இன்றைக்கும் அவசரத்தில் யோசிக்காமல் ஆப்பைத் தொடுவார்கள் என்பதுதான் ஏற்பைப் பற்றிய கேள்வி. டவுன்லோடு எண்ணிக்கையில் அதற்குப் பதில் இல்லை.

பயன்: எந்தப் பூண்டி?

ஆப் மலைக்குத் தேவையே இல்லை என்று நினைக்கிறவர்களுக்காக இந்தப் பகுதி. எனக்குத் தெரிந்து சமவெளியைவிட மலைக்குத்தான் இது அதிகம் உதவும், காரணம் ஊர்ப் பெயர்.

அவசரத்துக்கு 100 அல்லது 112 அடித்தால் எடுப்பவர் நம் ஊர் ஸ்டேஷன் ஏட்டு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அழைப்பு முதலில் சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து மாவட்டத்துக்கும் ரோந்து வண்டிக்கும் தகவல் வருகிற ஏற்பாடு. இப்போது நடுராத்திரி ஒருவர் பதறிப்போய் "பூண்டியில இருந்து பேசறேங்க" என்கிறார். திருவள்ளூர் பக்கம் ஒரு பூண்டி இருக்கிறது, ஏரியோடு. தஞ்சாவூர் பக்கம் ஒரு பூண்டி இருக்கிறது, மாதா கோவிலோடு. மேல்மலைப் பூண்டி மூன்றாவதாகத்தான் ஞாபகம் வரும், வந்தால். பக்கத்திலேயே போலூர் இருக்கிறது, அதைச் சொன்னால் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் என்றுதான் காதில் விழும். "கொடைக்கானல் பூண்டிங்க, ஸ்கூலுக்கு மேல, பைப்படி தாண்டி" என்று வழி சொல்லிப் புரியவைப்பதற்குள் அங்கே நடப்பது நடந்து முடிந்துவிடும்.

ஆப்பில் அவசர பொத்தானைத் தொட்டால் வாயால் சொல்ல வேண்டிய இந்த வேலை மிச்சம். போன் தான் இருக்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சேர்த்து அனுப்பிவிடும், வரைபடத்தில் புள்ளி விழும். முகவரி, கதவு எண், தெருப் பெயர் எதுவும் இல்லாத தோட்டத்து வீட்டுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறென்ன? பேச முடியாத நிலையில் இருக்கிறவருக்கும் அப்படித்தான்.

ஆனால் இந்தப் பயன் யாருக்கும் விளக்கப்படவில்லை. விழிப்புணர்வுக் கூட்டங்களில் "பெண்கள் பாதுகாப்பு, அனைவரும் பதிவிறக்கம் செய்வீர்" என்று நோட்டீஸ் கொடுப்பதோடு சரி. மூன்று பூண்டி கதையைச் சொன்னால் நோட்டீஸே வேண்டாம்.

சுலபம்: ஓ.டி.பி திருப்பூருக்குப் போகிறது

கொடைக்கானல் டவுனில் மூஞ்சிக்கல் பக்கம் ஆன்லைன் வேலை செய்து தருகிற கடைகளில் கொஞ்ச நேரம் நின்றாலே இந்தக் காட்சி கிடைக்கும். ஒரு பெரியவர் வருகிறார், கையில் மகன் வாங்கிக் கொடுத்த பழைய ஸ்மார்ட்போன். ஆப்பை இறக்கியாகிவிட்டது, பெயர் போட்டாகிவிட்டது, மொபைல் நம்பர் கேட்கிறது. நம்பர் சொல்கிறார். ஓ.டி.பி வரவில்லை. ஓ.டி.பி என்பது அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகிற ரகசிய எண், அது நீங்கள் சொன்ன நம்பருக்குத்தான் போகும். இவர் சொன்னது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகனின் நம்பர், ஏனென்றால் பாங்க், ஆதார், கேஸ் என்று எல்லாவற்றிலும் அதைத்தான் கொடுத்திருக்கிறார், அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்ததும் அதுதான். மகனுக்குப் போன் போட்டால் மெஷின் சத்தத்தில் எடுக்கவில்லை. எடுத்தபோது நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பு. இந்தத் தடவை அவன் கத்திச் சொல்ல, கடைக்காரர் அடிக்க, உள்ளே போயாயிற்று.

ஓ.டி.பியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நாளெல்லாம் எச்சரிக்கிற துறையின் ஆப்புக்குள் நுழைவதற்கே நாலு பேர் காதில் விழ ஓ.டி.பியைக் கத்த வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

இதைப் படிப்பறிவுக் குறை என்று எழுதிவிடுவது சோம்பேறித்தனம். ஆப் ஓர் ஆளுக்கு ஒரு போன், ஒரு நம்பர், அதுவும் அவர் கையிலேயே இருக்கும் என்று நினைத்துச் செய்யப்பட்டிருக்கிறது. மலையில் பல வீடுகளில் ஒரு நல்ல போன், நாலு பேர் உபயோகம். அந்த நிலைமைக்கு ஆப் பொருந்தவில்லை என்பதுதான் சரியான வாசகம்.

சிக்னல்: மூன்று வேறு விஷயம்

உதவும் சூழல் என்று மேலே சொன்னோமே, மலையில் அதற்கு மறுபெயர் சிக்னல். "டவர் இல்ல" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் உயிர் காக்கும் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலாவது ஜி.பி.எஸ். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையை வாங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்று போனே கணக்குப் போடுவது. இதற்கு நெட் வேண்டாம், சிம் கூட வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். ஆனால் அடர்ந்த சோலைக்காட்டுக்குள்ளேயோ இரண்டு மேட்டுக்கு நடுவில் பள்ளத்திலேயோ வானம் கொஞ்சம்தான் தெரியும், அப்போது கணக்குத் தடுமாறும், நேரமும் ஆகும். நெட் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற விவரம் சீக்கிரம் கிடைத்துக் கணக்கு வேகமாக முடியும், அவ்வளவுதான் நெட்டின் பங்கு.

இரண்டாவது டேட்டா. ஜி.பி.எஸ் கண்டுபிடித்த இடத்தை ஆப் வெளியே அனுப்புவதற்கு இது வேண்டும். போனுக்குத் தன் இடம் தெரிந்திருக்கும், சொல்ல வழி இருக்காது. ஆப் சுற்றிக்கொண்டே இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது குரல் அழைப்பு. உங்கள் கம்பெனி டவர் எட்டாத இடத்தில் சில நேரம் போன் திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்று வருமே, பார்த்திருப்பீர்கள். வேறொரு கம்பெனி டவர் எட்டுகிறது, அதன் வழியாக 112 போகும் என்று அர்த்தம். ஆப் வேலை செய்யாத இடத்தில் 112 வேலை செய்யக்கூடும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், பாதிப் பேருக்குத் தெரியாது. ஆப்பை விளம்பரப்படுத்துகிற வேகத்தில் இதைச் சொல்ல விட்டுவிடுகிறார்கள்.

டவரை வைத்து இடம் கண்டுபிடிப்பதில் ஒரு மலை விசேஷமும் உண்டு. ஜி.பி.எஸ் கிடைக்காதபோது எந்த டவரோடு போன் பேசுகிறது என்பதை வைத்து உத்தேசமாகச் சொல்வார்கள். டவுனில் அது பரவாயில்லை. தெற்குச் சரிவில், பல தலைமுறையாக நடந்தே போய் வந்த வெள்ளகவி பக்கம் நின்றால் எதிரே கீழே விரிந்து கிடப்பது பெரியகுளம். போன் தேனி மாவட்டத்து டவரைப் பிடித்தால் ஆச்சரியமில்லை, பார்வைக்குப் பக்கம் அதுதானே. அதே மாதிரி கிளாவரை எல்லையில் கேரளத்து டவரைப் பிடிக்கலாம். அழைப்பு டவர் இருக்கிற பக்கம் போகும் என்பதால், எடுத்தவர் மலையாளத்தில் பேசினால் வைத்துவிடாதீர்கள், எந்த மாநிலம், எந்த ஊர் என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட்போனே இல்லாதவர்களுக்கு? 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி கைப்பேசிகளில் அவசர பொத்தான் வசதி இருக்க வேண்டும். கீபேட் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிப்பது, ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்துவது. மாடலுக்கு மாடல் மாறும், சிலவற்றில் ஐந்து முறை. இதற்கு டவுன்லோடே தேவையில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆக, இடம் கண்டுபிடிப்பது ஜி.பி.எஸ், அதை அனுப்புவது டேட்டா, இரண்டும் இல்லாதபோது கைகொடுப்பது 112 அழைப்பு.

நம்பிக்கை: பொத்தானுக்கு அந்தப் பக்கம்

மற்ற நாலும் சரியாக இருந்தாலும் ஐந்தாவது இல்லையென்றால் ஆப் தேங்கிவிடும். "நான் இதுவரை ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்ல" என்பது நம் ஊரில் பெருமையாகச் சொல்கிற வசனம். அந்த வாசப்படியை போனுக்குள் கொண்டு வந்து வைத்தால் மட்டும் ஜனங்கள் ஓடி வந்து மிதிப்பார்களா?

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகும். காவல்துறையின் ஆன்லைன் சேவைகள் என்று நாம் ஒரே மூட்டையாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று காகித வகை. லைசென்ஸ், ஆர்.சி புத்தகம், மார்க் ஷீட் தொலைந்தால் ஆன்லைனில் தொலைந்த ஆவண அறிக்கை எடுப்பது, எஃப்.ஐ.ஆர் நகல் பார்ப்பது, மனு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று ஆள் வகை. ஒரு போலீஸ்காரர் எழுந்து வண்டியெடுத்து வர வேண்டியது, அல்லது ஒருவரை விசாரிக்க வேண்டியது.

காகித வகையை மலையில் எல்லோரும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டாயிற்று. டூரிஸ்ட் கார் ஓட்டுகிற பையன்களைக் கேளுங்கள், தொலைந்த லைசென்ஸுக்கு யாரும் இப்போது ஸ்டேஷனில் போய் நிற்பதில்லை. காரணம் அந்தப் பக்கம் மனிதர் யாரும் இல்லை. விவரத்தை அடித்தால் காகிதம் வந்துவிடும், திட்டு இல்லை, "அப்புறம் வா" இல்லை. ஆள் வகைக்கு அது செல்லாது. பொத்தானை அழுத்தியதும் யாராவது வந்தார்களா, எவ்வளவு நேரத்தில் வந்தார்கள், வந்தவர் யார் பக்கம் பேசினார் என்பதெல்லாம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மன்னவனூர் டவுனிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், மலை ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆப் நொடியில் சொல்லிவிடும், ஜீப் நொடியில் வராது. இதை முன்பே ஒளிக்காமல் சொல்லியிருந்தால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். "ஒரு பட்டனைத் தட்டினால் போலீஸ் வாசலில்" என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால், அந்த ஊரில் அதற்கப்புறம் யாரும் பட்டனைத் தட்ட மாட்டார்கள். வண்டி ஒழுங்காகத்தான் வந்திருக்கும், வாக்குதான் தப்பு.

புகார் விஷயத்தில் இன்னொரு பெரிய தவறான எண்ணம், ஆப்பில் புகார் போட்டால் கேஸ் ஆகிவிட்டது என்பது. புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தருகிற ரசீதுதான் சி.எஸ்.ஆர். வழக்காகப் பதிவானால்தான் எஃப்.ஐ.ஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை. கைது செய்ய வாரண்ட் தேவைப்படாத வகைக் குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ஆனால் கொடுத்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கையெழுத்து விஷயம் தெரியாமல், ஆப்பில் போட்டுவிட்டோம் என்று வீட்டில் காத்திருந்துவிட்டு "ஆப் எல்லாம் சும்மா" என்று சொல்கிறவர்கள் உண்டு. கிளாவரையிலிருந்து கையெழுத்துப் போட வருவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்பதும் உண்மை.

சட்டத்துக்கு மலையைத் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், நில அமைப்பால் இணைப்புக் கிடைக்காத இடங்களுக்கு 48 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறது. பாலியல் குற்ற வழக்குகள் மாதிரி சிலவற்றை இணையத்தில் போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது, இது பல பெண்களுக்குத் தெரிய வேண்டியது. ஆப்பில் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம்தான் அவர்களைத் தடுக்கிறது.

அப்புறம் வேவு. "போலீஸ் ஆப்பை வச்சிருந்தா நாம எங்க போறோம்னு பார்த்துட்டே இருப்பாங்க" என்று இளவட்டங்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அதைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். அவசர ஆப்பின் வேலை பொத்தானைத் தொடும்போது இடத்தை அனுப்புவது. ஆனால் "எப்போதும் இருப்பிடம் பார்க்கலாம்" என்று பர்மிஷன் கொடுத்துவிட்டால் எந்த ஆப்பாலும் தொடர்ந்து பார்க்க முடியும் என்பது பொதுவான உண்மை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசுக்கு விலக்குகள் இருக்கின்றன. ஆகவே என்ன எடுக்கிறோம், எத்தனை நாள் வைத்திருக்கிறோம் என்று ஆப்பிலேயே எளிய தமிழில் எழுதி வைப்பதுதான் நம்பிக்கைக்கு வழி. பயப்படாதீர்கள் என்று சொல்வதால் பயம் போகாது. காட்டுக்குள் தேனெடுக்கப் போய் வழக்கு வாங்கிய நினைவு உள்ள பளியர் பழங்குடிக் குடியிருப்பில் இருப்பிடம் கேட்கிற ஆப் வேறு மாதிரிதான் தெரியும்.

கடைசியாக வீட்டுக்குள் இருக்கிற ஆபத்து. அடிக்கிறவர் கையில்தான் போன் இருக்கிறது என்றால் அந்த ஆப்பை ஒரு பெண் எப்படி ஏற்பாள்? அவளுக்கு 181 மகளிர் உதவி எண்ணும், பக்கத்து வீட்டுப் போனும்தான் பயன்படும். ஏற்கவில்லை என்ற கணக்கில் இவளையும் சேர்த்துவிட்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

யார் சொன்னால் கேட்பார்கள்

இதில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. மகளிர் குழுத் தலைவி, ஜீப் ஸ்டாண்ட் பையன்கள், ஸ்கூல் டீச்சர், இவர்கள் சொன்னால் ஊர் கேட்கும். பானர் சொன்னால் கேட்காது. போலி காட்டேஜ் இணையப் பக்கத்தில் முன்பணம் கட்டி ஏமாந்து வந்து நிற்கிற டூரிஸ்ட்டுக்கு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடி என்று சொல்வது இப்போது லாட்ஜ் ரிசப்ஷன்காரர்கள்தான். அந்தப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு என்பதை நாலு பேருக்கு நடந்ததைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

போனில் ஏற்கனவே இருக்கிறதா?

இருந்தால் மூன்று காரியம். இருப்பிட பர்மிஷனைத் திறந்து "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றிவிட்டு, ஆப் அதோடு ஒழுங்காகத் திறக்கிறதா என்று பாருங்கள். வீட்டைச் சுற்றி எங்கே டேட்டா வருகிறது, எங்கே அழைப்பு மட்டும் போகிறது என்று ஒரு தடவை நடந்து பார்த்து, அதை வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் காட்டுங்கள். பிறகு, அவசரத்தில் தகவல் போக வேண்டியவர்கள் என்று நெருங்கியவர்களின் எண்களைக் கேட்கும் இடம். எல்லோரும் பழக்க தோஷத்தில் திருப்பூர் மகனையும் கோயம்புத்தூர் மருமகனையும் போடுகிறார்கள். அவர்கள் பதறுவார்கள், வர முடியாது. ஓர் எண்ணாவது நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறவருடையதாக இருக்கட்டும், பக்கத்துத் தோட்டத்து அண்ணன், ஜீப் வைத்திருக்கிற தம்பி, யாராவது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரி வருகிற அந்த எஸ்.எம்.எஸ்ஸை ஏதோ லோன் கம்பெனி விளம்பரம் என்று நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார்கள்.